அசைக்காத கயிறு

ஜனவரி 8, திங்கள்

எனக்கு இரண்டு அநியாயம் நடந்திருக்கிறது. இரண்டையும் செய்தது ஒரே குடும்பம்.

முதலாவது: 1986ஆம் வருடம் மார்ச் மாதம், எட்டுப் பாகம், சுமார் ஐம்பது அடி ஆழத்தில், நான் ஒரு வலம்புரிச் சங்கின் மேல் கை வைத்த நேரத்தில், கயிற்றை நான் அசைக்காமலே என் மச்சான் தஸ்நேவிஸ் என்னை மேலே இழுத்துவிட்டான். இரண்டாவது: அவனுடைய தங்கையும் என் மனைவியுமான செலஸ்தீனா நேற்று இரவு அதையே செய்தாள். நல்ல தூக்கத்தில் இருந்த என்னைத் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"மூச்சு நின்னுபோச்சுங்க. நாப்பது எண்ணிட்டேன். இன்னும் வரல" என்றாள். அழுதிருந்தாள்.

நின்றுபோகவில்லை. நான் பிடித்துக்கொண்டிருந்தேன். பதினாறு வயதிலிருந்து நாற்பத்து நான்கு வயது வரை இந்தத் தூத்துக்குடிக் கடலில் சங்கு குளித்தவன் நான். கஸ்பார் கொரேரா என்று கேட்டால் கடற்கரையில் இன்றும் சொல்வார்கள். நூற்றுப் பத்து நொடி அடியில் இருந்திருக்கிறேன். அப்படிப்பட்டவனுக்கு நாற்பது ஒரு கணக்கா? உடம்பு பழகியதைச் செய்கிறது. கண்ணை மூடினால் அது கடலுக்குப் போய்விடுகிறது.

இந்த நோட்டு டாக்டர் எழுதச் சொன்னதற்காக மகள் பிரிஸ்கா வாங்கிக் கொடுத்தது. அக்டோபரில் எனக்கு மாரடைப்பு வந்து குழாய் வைத்தார்கள். இதயம் நூற்றுக்கு முப்பதுதான் வேலை செய்கிறதாம். தினமும் காலையில் எடையும் கால் வீக்கமும் எழுத வேண்டும். மூன்றாம் வகுப்போடு நின்றவனுக்கு எழுத வருமா என்று ஆஸ்பத்திரி நர்சுப் பெண் கேட்டாள். வேர்க்கடலை மடித்து வரும் காகிதத்தில் எழுத்துக்கூட்டிப் படித்தவன் நான். யாரும் சொல்லித் தரவில்லை. எடையோடு மற்றதையும் எழுதுவேன்.

எடை 61.400. கால் வீக்கம் கொஞ்சம்.

ஜனவரி 9, செவ்வாய்

எடை 61.600. காலையில் குழாய்த் தண்ணீர் வந்தது. ஏழு குடம் பிடித்தோம். நான் மூன்று, அவள் நான்கு. மூன்றாவதில் மூச்சு வாங்கியது. அவளிடம் சொல்லவில்லை.

ஜனவரி 11, வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் போனோம். செலஸ்தீனா என்னைக் கேட்காமலே டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். டாக்டர் பெயர் நிலோஃபர். பிரிஸ்காவைவிடச் சின்னவள், காயல்பட்டினத்துப் பெண்.

"குறட்டை விடுவாரா?" என்று அவளிடம் கேட்டாள் டாக்டர்.

"விட்டாத்தான் நிம்மதியா இருக்குமே டாக்டரம்மா. சத்தமே இல்லாம கெடப்பாவ. மொதல்ல மூச்சு மெதுவா வரும். அப்புறம் கூடிக் கூடி, ஓடி வந்தவுக மாதிரி வாங்கும். திரும்பக் கொறஞ்சு கொறஞ்சு, ஒண்ணுமில்லாம போயிரும். நான் நெஞ்சுல கைய வச்சுப் பாப்பேன். நெஞ்சு அசையாது."

டாக்டர் என் பக்கம் திரும்பினாள். "ஐயா, தூக்கத்துல மூச்சு நிக்கிறது ரெண்டு விதம். ஒண்ணுல தொண்டை அடைச்சுக்கும். நெஞ்சு முயற்சி பண்ணும், காத்து போகாது. இன்னொண்ணுல முயற்சியே இருக்காது. இதயம் பலவீனமா இருக்கவங்களுக்கு இது வரும். ரத்தம் மெதுவாப் போறதால மூளைக்குச் செய்தி லேட்டாப் போகுது. அது குழம்பிப்போய், மூச்சு விடச் சொல்ல மறந்துடுது. உங்களுக்கு ரெண்டாவதுன்னு நினைக்கிறேன். ஒரு ராத்திரி இங்க வந்து தூங்குங்க, மிஷின்ல பாத்துடலாம்."

"நான் மறக்கலம்மா. பிடிக்கேன். நான் சங்கு குளிச்சவன்."

"ஒவ்வொரு தடவை நிக்கும்போதும் உங்க இதயத்துக்கு அடி விழுது."

"நாப்பது நொடிக்கா?"

"நாப்பது நொடிக்குத்தான்."

உடம்பு முழுக்க ஒயர் கட்டிக்கொண்டு அந்நியர் முன்னால் தூங்க முடியாது என்று சொல்லிவிட்டேன். வரும்போது பஸ்ஸில் நான் சன்னல் ஓரம் தூங்கிவிட்டேன். பழைய துறைமுகம் கடந்ததே தெரியவில்லை.

ஜனவரி 13, சனி

வீட்டில் ஒரு முடிவுக்கு வந்தோம். அதாவது நான் வந்தேன். இனி என்னை எழுப்பக் கூடாது. விழித்திருக்க வேண்டும் என்றால் அது அவள் இஷ்டம்; எத்தனை நொடி என்று மட்டும் எண்ணிக் காலையில் சொல்லட்டும்.

"எண்ணிக்கிட்டு மட்டும் இருக்கவா? எழுப்ப வேண்டாமா?"

"மேல வரணும்னா நானே கட்டில் சட்டத்தத் தட்டுவேன். தட்டினா எழுப்பு."

"தூங்குத மனுசன் எதையாவது தட்டுவாவளா?"

"நான் தட்டுவேன்."

அவள் சிரித்தாள். சந்தோஷமான சிரிப்பு இல்லை. பிறகு ஜெபமாலையை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

சங்கு குளிக்கப் போகும் எங்கள் வள்ளத்தில் நொடியை எண்ணுவதும் ஜெபத்தால்தான். குளிப்பவன் தலை தண்ணீருக்குள் போனதும், மேலே கயிறு பிடிப்பவன் 'அருள் நிறைந்த மரியே' மந்திரத்தை நிதானமாகச் சொல்ல ஆரம்பிப்பான். ஒன்று முடிய இருபது நொடி. மூன்று முடிந்தால் கயிற்றில் கவனம் வைப்பான். கீழே இருப்பவன் ஒரு முறை அசைத்தால் இழுப்பான். கயிறு பிடிக்க வேறு ஆளை வைக்கமாட்டோம். மனைவியின் அண்ணனோ தம்பியோதான் பிடிக்க வேண்டும். கூடப்பிறந்தவளை விதவையாக்க எவனும் துணியமாட்டான் என்பதால் வந்த வழக்கம். அந்த வழக்கத்தால்தான் எனக்குத் தஸ்நேவிஸ் வாய்த்தான்.

ஜனவரி 14, ஞாயிறு

38 நொடி. எடை 61.700.

கனவில் மணல் வரிவரியாக இருந்தது. அலை மேலே போகும்போது அதன் நிழலும் வரிகளின் மேல் நடந்து போனது. நான் எதையும் தேடவில்லை. ஒரு பச்சை வெளிச்சம், அவ்வளவுதான். காதுக்குள் எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல் சத்தம். கடலடி எப்போதும் அப்படித்தான் பேசும். யாரோ ரொம்ப மேலே ஒரு மந்திரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வார்த்தை புரியவில்லை. குரல் பெண் குரல்.

ஜனவரி 15, திங்கள்

44. பக்கத்து வீட்டில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். உப்பு இல்லாத பண்டம் என்பதால் தடையில்லை.

ஜனவரி 17, புதன்

47! எடை 62.

இன்று மத்தியானம் நாற்காலியில் உட்கார்ந்து சூடை மீனுக்குச் செதில் தேய்த்துக்கொண்டிருந்தேன். செதில்கள் முழங்கையில் ஒட்டி மினுங்கின. மறுபடி பார்த்தபோது அவை தண்ணீரில் மேலேறும் குமிழிகளாக இருந்தன; நான் அவற்றை எண்ணிக்கொண்டிருந்தேன். பூனை சட்டியிலிருந்து ஒரு மீனை இழுத்த சத்தத்தில் முழித்தேன். மணி நாலரை. இரண்டு மணிக்கு உட்கார்ந்தவன்.

இப்போதெல்லாம் பகலும் இரவும் நடுவில் சுவர் இல்லாத இரண்டு அறைபோல் இருக்கின்றன. நான் இதிலிருந்து அதற்கு நடந்து போகிறேன். போனது தெரிவதில்லை.

ஜனவரி 21, ஞாயிறு

52. ஆனால் இதைச் சொல்லும்போது செலஸ்தீனா என் முகத்தைப் பார்க்கவில்லை.

பூசையில் சாமியார் பிரசங்கம் ஆரம்பித்தது நினைவிருக்கிறது. முடிந்தது நினைவில்லை. பிரிஸ்கா என் விலாவில் இடித்தாள். அந்தப் பக்கம் அவளுடைய அம்மாவும் தூங்கிக்கொண்டிருந்தாள், வாயைத் திறந்து, முக்காடு சரிந்து.

"ரெண்டு பேரும் ஜோடி போட்டுத் தூங்குதியளே! மாதா பாத்தா என்ன நெனப்பா?" என்றாள் மகள், வெளியே வந்ததும்.

"சாமியாரு நீட்டுனா மாதாவே தூங்குவா" என்றேன்.

மூன்று வரிசை தள்ளி தஸ்நேவிஸ் நின்றான். முடி முழுக்க வெளுத்துவிட்டது. அவன் என்னைப் பார்க்கவில்லை, தங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் பேசி முப்பத்தெட்டு வருடம் ஆகிறது. அன்றைய சம்பவத்துக்குப் பிறகு நான் வேறு ஆளிடம் கயிற்றைக் கொடுத்துப் பத்து வருடம் குளித்தேன். அவன் ஐஸ் கம்பெனியில் காவல்காரனாகப் போனான். கயிறு பிடிக்கத் தெரியாதவனுக்கு வேறு என்ன வேலை?

ஜனவரி 24, புதன்

49. எடை 62.300. செருப்பு வார் இறுக்குகிறது.

குழம்பில் உப்பு. எனக்கு உப்பே கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த தாள் அடுப்படிச் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதற்கு எதிரில் நின்றுகொண்டே இரண்டு முறை போட்டிருக்கிறாள். கேட்டால், போட்ட நினைவே இல்லை என்கிறாள். நேற்று பால் பொங்கி வழிய அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அறுபத்தாறு வயதில் இத்தனை கவனக்குறைவு ஆகாது. கண்டித்தேன்.

"சரி" என்றாள். எதிர்த்துப் பேசுகிறவள், சரி என்றாள்.

ஜனவரி 27, சனி

எண்ணிக்கை தெரியாது. எடை பார்க்கவில்லை.

காலை பத்து மணிக்கு செலஸ்தீனா முற்றத்தில் அரிவாள்மணையில் உட்கார்ந்து பாரை மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். சத்தமில்லை. ஏதோ தோன்றி நிமிர்ந்து பார்த்தால், அவள் தலை குனிந்திருக்கிறது, தூங்குகிறாள். வலது கை அரிவாளின் மேல் அப்படியே அழுந்தி இறங்கியிருக்கிறது. மீன் ரத்தம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

உள்ளங்கையில் ஒன்பது தையல். நல்லவேளை, நரம்பு அறவில்லை. தையல் போட்ட பெண், "பாட்டி, எப்ப கடைசியா ஒழுங்காத் தூங்குனீங்க?" என்று கேட்டாள்.

செலஸ்தீனா யோசித்தாள். "பொங்கலுக்கு முன்னாடி" என்றாள்.

பிரிஸ்கா என்னைப் பார்த்தாள். நான் மருந்துச் சீட்டைப் படித்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 28, ஞாயிறு

சாயங்காலம் தஸ்நேவிஸ் வந்தான். தலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கவிழ்த்துச் சுமந்துகொண்டு, இரண்டு தெரு நடந்து வந்து, கேட்காமல் என் கட்டிலுக்கு அருகில் அதை இறக்கி வைத்தான்.

"இவன யாரு வரச் சொன்னான்னு கேளு" என்று செலஸ்தீனாவிடம் சொன்னேன்.

"காது கேக்குது மச்சான். ரெண்டு எட்டுலதான் நிக்கேன்."

"கேக்கட்டும். நான் அவன்கிட்ட பேசலன்னு சொல்லு."

"பேசாண்டாம். ஒங்ககூடப் பேசவா நாற்காலியத் தூக்கிட்டு வந்தேன்? என் தங்கச்சி தூங்கணும். நான் ஐஸ் கம்பெனியில முப்பது வருசம் ராத்திரி முழுச்சவன். எனக்கு இது ஒரு வேலையே இல்ல."

"அந்த ஐஸ் கம்பெனிய இவன் காவல் காத்த லட்சணத்துல ஐஸெல்லாம் தண்ணியாப் போச்சுன்னு சொல்லு."

"ஐஸு தண்ணியாத்தான் போவும். அத எவன் காத்தாலும்" என்றான் தஸ்நேவிஸ்.

செலஸ்தீனா கட்டுப்போட்ட கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு உள் அறைக்குப் போனாள். கதவைச் சாத்தினாள். இரண்டு நிமிடத்தில் அவளுடைய குறட்டை கேட்டது. நாற்பத்தைந்து வருடத்தில் அவள் குறட்டை விட்டு நான் கேட்டதில்லை.

ஜனவரி 29, திங்கள்

விழித்தபோது நாற்காலியில் அவன் அப்படியே இருந்தான். முன்னால் குனிந்து, இரண்டு கையும் முழங்காலில், விரல்கள் பாதி மடங்கி. வள்ளத்தின் ஓரத்தில் உட்காருவானே அந்த உட்கார்வு.

"எத்தனன்னு கேளு" என்றேன் செலஸ்தீனாவிடம். அவள் காப்பி கொண்டுவந்தாள். பதினோரு மணி நேரம் தூங்கியிருக்கிறாள். முகம் வேறு முகமாக இருந்தது.

"மூணு முடிஞ்சு நாலாவது தொடங்கிட்டேன். அதுக்கு மேல என்னால முடியல. தோளத் தொட்டேன். மூச்சு வந்துட்டு" என்றான் அவன்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. முப்பத்தெட்டு வருடம் கழித்து அவனிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை இது: "கேக்காம இழுக்கது ஒங்க குடும்பத்துக்கே வழக்கமாப் போச்சு!"

அவன் எழுந்தான். "சரி மச்சான்" என்று சட்டையை மாட்டினான்.

"என்ன சரி?" செலஸ்தீனா காப்பித் தட்டை வைத்தாள். பாதி சிந்தியது. "அண்ணன், இன்னிக்கு நீங்க போவக்கூடாது. சொல்லுங்க அவுககிட்ட."

"விடு தாயி."

"முப்பத்தெட்டு வருசம் விட்டாச்சு. ஏங்க, அன்னிக்கு ஒங்கள மேல இழுத்தப்ப மூக்குல ரத்தம். ஒதடு நாவப்பழமாக் கருத்துக் கெடந்துச்சு. அண்ணன் மூணு மந்திரம் முடிச்சு, நாலும் முடிச்சு, அஞ்சாவதுல பாதி சொல்லிட்டுத்தான் இழுத்தாவ. நீங்க அசைக்கல. எப்பிடி அசைப்பிய? நெனவு இருந்தாத்தான?"

"அப்ப எல்லார்கிட்டயும் 'நான்தான் அவசரப்பட்டு இழுத்துட்டேன்'னு இவன் ஏன் சொன்னான்?"

"அடியில மயங்கினவன மறுநாளு எவன் வள்ளத்துல ஏத்துவான்? நம்ம பிரிஸ்கா அப்ப கைக்கொழந்த. அதுக்காவச் சொன்னாவ. அதுக்கப்புறம் அண்ணன எவனும் கயிறு பிடிக்கக் கூப்பிடல. ஐஸ் கம்பெனிக்கு ஆசப்பட்டா போனாவ?"

தஸ்நேவிஸ் வாசலுக்குப் போய்விட்டான். நாற்காலியை விட்டுவிட்டான்.

செலஸ்தீனாவுக்குக் கை வலி. தையல் போட்டுக்கொண்டவர்கள் வலியில் எதையாவது பேசுவார்கள்.

ஜனவரி 30, செவ்வாய்

எடை 62.900.

ஜனவரி 31, புதன்

அவன் நேற்றும் இரவு வந்தான். இருவரும் பேசவில்லை. அறுபது என்று சொல்லிவிட்டு விடியலில் போய்விட்டான். அதை இன்று சாதனை என்று எழுத மனம் வரவில்லை.

பிப்ரவரி 2, வெள்ளி

இரவில் வந்ததா மத்தியானம் வந்ததா என்று தெரியாத ஒரு கனவு. அதே இடம். மணல், பச்சை, கடுகுச் சத்தம். சங்கு அங்கே இருந்தது, பாதி புதைந்து. வருடக்கணக்காக வரும் கனவுதான். இந்த முறை அவசரம் இல்லாததால் நன்றாகப் பார்த்தேன். வாய் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று பார்த்தால் வலம்புரியா இல்லையா என்று சொல்லிவிடலாம். நான் குனிந்தேன். அதைச் சுற்றி ஒரு ஒளி இருந்தது. எட்டுப் பாகத்தில் எந்தச் சங்கைச் சுற்றியும் அப்படி ஒளி இருக்காது. இருபத்தெட்டு வருடம் குளித்தவன், எனக்குத் தெரியும். அங்கே எல்லாம் மங்கலாகத்தான் இருக்கும். வெள்ளையே கிடையாது. ஆனால் இது எங்கள் பனிமய மாதா கோவில் சுரூபத்தின் முகத்தைப்போல வெள்ளையாக இருந்தது.

அருமையாக இருந்தது அங்கே. மூச்சு வேண்டும் என்ற நினைவே இல்லை. அதை எழுத வேண்டும். நெஞ்சு முட்டும்போது ஒரு தவிப்பு வருமே, அது வரவில்லை. எல்லாக் குளிப்பிலும் வரும். 1986இல் அந்த நாளில் மட்டும் வரவில்லை. இன்றுவரை அதை என் திறமை என்று நினைத்திருந்தேன்.

இன்னொன்றும் நினைவு வருகிறது. அன்று என்னைத் தூக்கி வள்ளத்தில் போட்டபோது யாரோ என் விரல்களைப் பிரித்தார்கள். உள்ளே மணல் இருந்தது. ஒரு பிடி மணல்.

எடை 63.

பிப்ரவரி 5, திங்கள்

ஆஸ்பத்திரிச் சோதனைக்குச் சம்மதித்திருக்கிறேன். டாக்டர் சொன்னது தவறு என்று நிரூபிப்பதற்காக மட்டும். பிரிஸ்கா கைதட்டினாள். அதட்டினேன்.

பிப்ரவரி 6, செவ்வாய்

நெஞ்சில் ஒரு பட்டை, வயிற்றில் ஒரு பட்டை, மூக்கில் ஒரு குழாய், விரலில் ஒரு கவ்வி, தலையில் பசை வைத்து ஒட்டிய ஒயர்கள். கொட்டாவி விட்டால்கூட அடுத்த அறையில் தெரியுமாம். தூங்கமாட்டேன் என்று நினைத்தேன். விளக்கை அணைத்ததும் ஒயர்கள் பாசிபோல் அசைந்தன, அவ்வளவுதான் நினைவு.

மத்தியானம் டாக்டர் நிலோஃபர் தாளை விரித்துக் காட்டினாள். என் மூச்சு அதில் கோடாக இருந்தது. சின்னதாகத் தொடங்கி, பெரிதாகி, சின்னதாகி, பிறகு ஒரு தட்டைக் கோடு. மறுபடி சின்னது, பெரிது, சின்னது, தட்டை. அலை போட்ட மணல்தான்.

"மணிக்கு முப்பத்தாறு தடவை நிக்குது ஐயா. ரொம்ப நீளமா நின்னது அறுபத்தொரு நொடி. ரத்தத்துல ஆக்சிஜன் நூத்துக்கு எழுபத்தாறு வரைக்கும் இறங்கியிருக்கு."

அறுபத்தொன்று. என் வாய் ஓரம் சிரிக்கப் போனது. செலஸ்தீனாவின் கை மேசையில் இருந்தது. இன்று காலைதான் தையல் பிரித்திருந்தார்கள், உள்ளங்கை குறுக்கே சிவப்புக் கோடு. சிரிக்கவில்லை.

"பழக்கம்தானம்மா அது? இத்தன வருசம் பிடிச்ச மூச்சு" என்றேன். கேள்வியாகத்தான் கேட்டேன்.

அவள் தட்டைக் கோட்டின் மேல் பேனாவை வைத்தாள். "மூச்சைப் பிடிச்சா நெஞ்சு இறுகியிருக்கும், பட்டையில தெரியும். இங்க பாருங்க, ஒண்ணுமே இல்ல. கடல்ல மூச்சை நீங்க பிடிச்சீங்க. இங்க யாருமே பிடிக்கல ஐயா. அது விட்டுப் போகுது."

தஸ்நேவிஸ் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். அவனுக்கும் கேட்டிருக்கும்.

பிப்ரவரி 8, வியாழன்

புது மாத்திரைகள். தண்ணீர் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள். பகலெல்லாம் கழிப்பறைக்கும் நாற்காலிக்கும் நடக்கிறேன். எடை 61.900. மல்லாந்து படுக்கக் கூடாது. ஒருக்களித்து, தலையை உயர்த்திப் படுக்க வேண்டும்.

பிப்ரவரி 11, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் மறுபடி ஒரு இரவு. இம்முறை முகமூடியோடு. எல்லாருக்கும் இது ஒத்துவராது, உங்களுக்கு உதவுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கொடுப்பேன் என்றாள் டாக்டர். மூக்கின் மேல் ரப்பர், தலைக்குப் பின்னால் வார், ஒரு பெட்டியிலிருந்து குழாய் வழியே காற்று. குளிக்கப் போகும்போது போடும் கண்ணாடியைப்போல் கன்னத்தில் தடம் பதிகிறது. இதைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடினால், மேலே யாரோ விடாமல் ஊதிக்கொண்டிருப்பதுபோல் இருக்கிறது. கனவு வரவில்லை. வராதது வருத்தமாக இருந்தது என்பதையும் எழுதி வைக்கிறேன்.

முப்பத்தாறு ஒன்பதாகக் குறைந்திருக்கிறது. "நல்லா வேலை செய்யுது" என்றாள் டாக்டர். சாதனை எல்லாம் இனி இறங்குமுகமாகத்தான் இருக்கும்போல.

பிப்ரவரி 13, செவ்வாய்

முகமூடி வீட்டுக்கு வந்துவிட்டது. தஸ்நேவிஸ் அதைப் பார்க்க வந்தான். குழாயைக் கையில் எடுத்து, தடவி, எத்தனை பாகம் இருக்கும் என்று கைவிரித்து அளந்தான்.

"ஒரு பாகந்தான் மச்சான். ரொம்ப ஆழத்துக்கு விடாது" என்றான்.

"அன்னிக்கு அஞ்சாவது மந்திரம் வரைக்கும் ஏன் காத்திருந்த?" என்று கேட்டேன். நேராக அவனைப் பார்த்து.

அவன் குழாயைச் சுருட்டினான். "நூத்திப் பத்து நொடி இருக்கவருல்லா நீங்க. மூணுல இழுத்தா ஏசுவிய. நாலுலயும் ஏசுவிய. ஒங்களுக்குப் பயந்துகிட்டுத்தான் இருந்தேன். இன்னும் பாதி மந்திரம் பயந்திருந்தா எங்க செலஸ்தி..." குழாயைப் பெட்டிக்குள் வைக்க அவனுக்கு ரொம்ப நேரம் ஆனது.

செலஸ்தீனா மூன்று பேருக்கும் காப்பி கொண்டுவந்தாள், இடது கையால்.

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

எடை 60.800. வீக்கம் இல்லை. நெற்றியில் சாம்பல் வைத்துக்கொண்டு வந்து இதை எழுதுகிறேன். நோட்டில் இன்னும் நிறையப் பக்கம் இருக்கிறது. ஆனால் இனிச் செய்ய வேண்டியவற்றை யார் யார் செய்ய வேண்டும் என்று எழுதாவிட்டால் இந்த வீட்டில் எதுவும் நடக்காது.

செலஸ்தீனா: உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்க வேண்டும். இரவில் எழுந்து வந்து என் நெஞ்சில் கை வைத்துப் பார்க்கக் கூடாது. நேற்றும் வைத்தாள், எனக்குத் தெரியாது என்று நினைக்கிறாள். விரல்களை மடக்கி நீட்டும் பயிற்சியை நாளுக்கு மூன்று முறை செய்ய வேண்டும். அதுவரை மீன் அறுக்கிற வேலை என்னுடையது.

பிரிஸ்கா: ஞாயிறுதோறும் முகமூடியின் ரப்பரையும் குழாயையும் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். கழுவும்போது போன் பேசக் கூடாது.

டாக்டர் நிலோஃபர்: மாரடைப்பு வந்தவனிடம் தூக்கம் எப்படி என்று கேட்பதில் பிரயோஜனம் இல்லை. தூங்குகிறவனுக்கு எதுவும் தெரியாது. தெரியும் என்று சாதிப்பான். பக்கத்தில் படுப்பவரைத் தனியாக உட்கார வைத்து முதல் நாளே கேட்க வேண்டும். குறட்டை இல்லை என்று சொன்னால் அதோடு விட்டுவிடக் கூடாது. இதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். எழுதிக் கொடுக்க நான் தயார்.

சாமியார்: தவக்காலம் முழுவதும் பிரசங்கம் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது.

தஸ்நேவிஸ்: இரவில் வந்து உட்கார வேண்டியதில்லை. வயது எழுபது, அவனுக்கும் நெஞ்சு இருக்கிறது. அவனும் ஒருநாள் அந்த ஒயர்களைக் கட்டிக்கொண்டு தூங்கிப் பார்க்க வேண்டும். மாட்டேன் என்பான். பிரிஸ்கா இழுத்துக்கொண்டு போக வேண்டும்; அவனைக் கேட்கக் கூடாது.

நான்: இரவில் முகமூடியைக் கழற்றி வைக்கக் கூடாது. உப்பு கேட்டு முகம் சுளிக்கக் கூடாது. அன்று அந்த வள்ளத்தில் இருந்தவர்களில் எங்கள் இருவரைத் தவிர இன்னும் இரண்டு பேர் உயிரோடு இருக்கிறார்கள்: மணல் தெரு சீமோன் ஒருவன், கோவில்பிச்சை ஒருவன். சனிக்கிழமை வெயில் ஏறுமுன் இரண்டு வீட்டுக்கும் நடந்து போய், 1986இல் அடியில் மயங்கிக் கிடந்தவன் நான்தான் என்றும், கயிறு பிடித்தவன் மேல் தப்பில்லை என்றும், வீட்டுக்காரர்கள் காதிலும் விழும்படி சத்தமாகச் சொல்ல வேண்டும். தஸ்நேவிஸ் கூட வரக் கூடாது. வந்தால், நான் வாயைத் திறக்குமுன் அவனே பேசிவிடுவான். பழையபடி பொய்யைச் சொல்லிவிடுவான்.